கழுத்தையும் தொட்டுப் பார்க்கிற மூட்டுவாத டாக்டர்: திருத்தணி கிளினிக் பற்றி

முடக்குவாதத்துக்கு வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். ஆந்திர-தமிழக எல்லைக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திருத்தணியில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் நடக்கும் இந்த மூட்டுவாத கிளினிக்குக்குத் தாராளமாகப் போகலாம். மாடிப்படி ஏறுவது சிரமம், காத்திருப்பு அதிகம், போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். அதையெல்லாம் பின்னால் சொல்கிறேன். ஆனால் மருந்தால் என்ன நன்மை, என்ன ஆபத்து என்று மறைக்காமலும் பயமுறுத்தாமலும் எண்ணிக்கையோடு உட்கார்ந்து சொல்கிற இடம், நான் போய்ப் பார்த்தவற்றில் இது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. தார் சுற்றுவதும் கூலிக் கணக்கு எழுதுவதும் என் வேலை. விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கை மடங்காமல் கிடந்தபோது, ஊரில் எல்லோரும் முதலில் சொன்னது புத்தூர் கட்டைத்தான். எலும்பு முறிந்து தூக்கிக்கொண்டு போனவர்கள் அங்கே கட்டுப் போட்டு நடந்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் இது முறிவு இல்லை. உடம்பைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசை மாறி மூட்டுக்குள் இருக்கும் சவ்வைத் தாக்குகிற நோய். கட்டுப் போட்டு இது நிற்காது. ரத்தத்தில் ஆன்டி சிசிபி என்கிற பரிசோதனை பார்த்த பிறகுதான் முடக்குவாதம் என்று உறுதியானது. பெரிய ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்தார்கள். வாரம் ஒரு நாள் சாப்பிடுங்கள், நிறுத்தாதீர்கள். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த மாத்திரையில் ஓரளவு நன்றாகவே இருந்தேன். பிறகு மணிக்கட்டு மறுபடி வீங்க ஆரம்பித்தது. இன்னொரு மருந்து சேர்க்க வேண்டியிருக்கும் என்றார்கள். ஊசியா, வேறு மாத்திரையா என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்று இரண்டு பெயர்களை எழுதிக் கொடுத்தார்கள். என் நாத்தனார் மகள் திருப்பதியில் பி.ஃபார்ம் படிக்கிறாள். அவள் இரண்டு மருந்துகளின் பெட்டிக்குள் வரும் தாளையும் படித்துவிட்டு, "அத்தை, இதில் லிம்போமா வரலாம்னு கட்டம் கட்டிப் போட்டிருக்காங்க" என்றாள். நிணநீர் மண்டலத்தில் வருகிற புற்றுநோய். வீட்டில் அன்று யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மெத்தோட்ரெக்சேட்டே கேன்சர் மருந்துதானே, அதையும் நிறுத்திவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நிறுத்தவும் பயம், தொடரவும் பயம். அந்த நேரத்தில்தான் சொசைட்டியில் நூல் வாங்க வந்த ஓர் அம்மா இந்தக் கிளினிக்கைப் பற்றிச் சொன்னார். அவருக்கும் இதே நோய்.

டாக்டரம்மா குறிப்பிட்ட நாட்களில் மட்டும் சென்னையிலிருந்து வருகிறார். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் மருந்துத் தாளை மேசையில் வைத்து, இதில் போட்டிருப்பது உண்மையா என்று கேட்டேன். வேறு இடத்தில் இப்படிக் கேட்டால், அதையெல்லாம் ஏன் படிக்கிறீர்கள் என்பார்கள். இவர் தாளை எடுத்து, கட்டம் கட்டியிருந்த பகுதியை முழுக்கப் படித்தார். "உண்மைதாம்மா. ஆனா பாதி உண்மை. மீதியைச் சொல்றேன், கேளுங்க" என்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். அவர் சொன்னதை என் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன். எண் எதையாவது காதில் வாங்கினால் எழுதி வைப்பது எனக்குப் பழக்கம். சந்தேகம் வந்த இடத்தில் மறுபடி கேட்டேன், மறுபடி சொன்னார்.

முதலில் அவர் சொன்னது எனக்குப் புதிது. மருந்து எதுவுமே சாப்பிடாவிட்டாலும் முடக்குவாதம் உள்ளவர்களுக்கு லிம்போமா வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. காரணம் நோயேதான். எதிர்ப்புச் சக்தியின் பி செல்கள் என்று சொல்கிற வெள்ளை அணுக்களுக்கு இந்த நோயில் ஓய்வே கிடையாது. வருடக்கணக்கில் தூண்டப்பட்டு, பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு தடவை பெருகும்போதும் மரபணுவை நகல் எடுக்க வேண்டும். நகல் எடுக்க எடுக்கப் பிழை வருகிற சந்தர்ப்பமும் கூடும். இதைக் கேட்டதும் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இரவும் பகலும் நிறுத்தாமல் ஓட்டுகிற தறியில்தானே இழை அதிகம் அறுகிறது. முடக்குவாதக்காரர்களுக்கு வருகிற லிம்போமாவில் அதிகமாகக் காணப்படுவது, பெரிய பி செல்களிலிருந்து வேகமாக வளர்கிற ஒரு வகை என்றும் சொன்னார். வேகமாக வளர்ந்தாலும் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடிய வகை அது. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம் என்று அந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டார்.

அப்புறம் ஸ்வீடன் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2006-ல் வெளிவந்தது. 74,651 முடக்குவாத நோயாளிகளின் பதிவிலிருந்து, லிம்போமா வந்த 378 பேரையும் வராத 378 பேரையும் எடுத்து, அவர்களுடைய பழைய கேஸ் தாள்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். மூட்டு வீக்கம் வாழ்நாள் முழுக்கக் கடுமையாகவே இருந்தவர்களுக்கு, நோய் அடங்கியிருந்தவர்களைவிட லிம்போமா வாய்ப்பு 70 மடங்கு. நடுத்தரமாக இருந்தவர்களுக்கு 8 மடங்குக்குப் பக்கத்தில். மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டதால் கூடியதாகத் தெரியவில்லை. எனக்கு உடனே ஒரு சந்தேகம். முதலில் 2 மடங்கு என்றீர்கள், இப்போது 70 என்கிறீர்களே? அவர் கோபப்படவில்லை. 2 என்பது எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பொது மக்களோடு ஒப்பிட்ட சராசரி. 70 என்பது நோயாளிகளுக்குள்ளேயே, வருடக்கணக்கில் வீக்கத்தோடு இருந்த சிலரையும் அடங்கியிருந்தவர்களையும் ஒப்பிட்டது. ஆபத்தின் பெரும்பகுதி அந்தச் சிலர் மேல்தான் விழுகிறது. அந்தப் பதிவில் இருந்தவர்கள் 1960-களிலிருந்து 90-கள் வரையிலான நோயாளிகள், இன்று கிடைக்கிற மருந்துகள் பலருக்கும் அன்று கிடைத்திருக்காது என்றும் சேர்த்துச் சொன்னார்.

இதைக் கேட்டதும் நான் கொண்டுபோன கேள்வியே மாறிவிட்டது. மருந்தால் கேன்சர் வருமா என்று கேட்கப் போனேன். மருந்தில்லாமல் வீக்கத்தை வளரவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

மருந்தில் ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதனால்தான் அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும்போதே சிலருக்கு நிணநீர்க் கட்டி வருகிறது. ஜப்பானில் இப்படி நிறையப் பதிவாகியிருக்கிறது. அவர்களில் பலருடைய கட்டியில் எப்ஸ்டீன் பார் என்கிற வைரஸ் இருக்கும். நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சின்ன வயதிலேயே புகுந்து சத்தமில்லாமல் கிடக்கிற வைரஸ் அது. எதிர்ப்புச் சக்தி தணியும்போது சிலரிடம் தலை தூக்குகிறது. ஆறுதலான விஷயம், இப்படி வந்தவர்களில் கணிசமானோருக்கு மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தியதுமே சில வாரங்களில் கட்டி தானாகச் சுருங்கிவிடுகிறது. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. சிலருக்குச் சிகிச்சை தேவைப்படும். அதனால் கட்டி தெரிந்தால் நாமாக ஒன்றும் செய்யாமல் உடனே வந்து காட்ட வேண்டும், நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

ஊசி மருந்து பற்றிய பயத்துக்கும் பதில் சொன்னார். டிஎன்எஃப் என்கிற, வீக்கத்தைத் தூண்டும் புரதத்தை அடக்குகிற ஊசிகள் இவை. இவற்றின் மேல் அந்த எச்சரிக்கைக் கட்டத்தைக் குழந்தைகளையும் வளரிளம் பிள்ளைகளையும் மனதில் வைத்து, அமெரிக்க மருந்துத் துறை 2009-ல் கடுமையாக்கியது. பெரியவர்களைப் பொறுத்தவரை, பிரிட்டனில் 15,000-க்கும் மேற்பட்ட முடக்குவாத நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2017-ல் வெளியிட்ட கணக்கில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் சாதாரண மாத்திரைகளில் மட்டும் இருந்தவர்களுக்கும் லிம்போமாவில் வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் கணக்கில் லிம்போமா வந்தது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு. நம் நாட்டில் பொதுவாகவே இந்தப் புற்றுநோய் அங்கே இருக்கிற அளவுக்கு இல்லை. ஆயிரத்தில் ஒன்று என்று டாக்டரம்மா தாளில் எழுதியதைப் பார்த்த பிறகுதான் எங்க வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை மருந்தைத் தொட்டாலே கேன்சர் என்கிற மாதிரிதான் அவர் முகம் இருந்தது.

எழுதிக் கொடுத்த இரண்டு பெயர்களில் மற்றது, டோஃபாசிட்டினிப் மாத்திரை. இப்போது பல கம்பெனிகள் தயாரிப்பதால் ஊசியைவிட விலை மிகக் குறைவு, வாயால் சாப்பிடலாம் என்று நானே அதைத்தான் நினைத்து வைத்திருந்தேன். இங்கே அவர் பிடிவாதமாக வேண்டாம் என்றார். 50 வயதைத் தாண்டி, இதயநோய்க்கான காரணம் ஒன்றாவது உள்ள 4,362 பேரிடம் நடத்திய ஆய்வு 2022-ல் வெளிவந்தது. அதில் டோஃபாசிட்டினிப் சாப்பிட்டவர்களில் 4.2 சதவீதம் பேருக்குப் புற்றுநோய், டிஎன்எஃப் ஊசி போட்டவர்களில் 2.9 சதவீதம். நுரையீரல் புற்றுநோயும் லிம்போமாவும் அதில் கூடுதலாகத் தெரிந்தன. மாரடைப்பும் அதிகம். எனக்கு வயது 50-ஐத் தாண்டியாயிற்று, பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறேன். "உங்களுக்கு முதல் மருந்தா இதைத் தர எனக்கு மனசு வரலைம்மா. வேற வழி இல்லாதப்ப பார்க்கலாம்" என்றார். விலை குறைவு என்பதால் நம் பக்கம் நிறையப் பேருக்கு இந்த மாத்திரை போகிறது. 50 தாண்டியவர்கள், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் இதைச் சாப்பிடுகிறீர்கள் என்றால் உங்கள் டாக்டரிடம் அவசியம் ஒரு வார்த்தை கேளுங்கள். பயந்து நிறுத்திவிடாதீர்கள், கேளுங்கள்.

பழைய மருந்தான அசாதியோப்ரினில் லிம்போமா ஆபத்து கூடுவதற்கான சான்று மெத்தோட்ரெக்சேட்டைவிட அதிகம், முடக்குவாதத்துக்கு அதை இப்போது அதிகம் எழுதுவதில்லை என்றார். ஏற்கெனவே லிம்போமா வந்து குணமான முடக்குவாதக்காரர்களுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டேன். ரிடுக்சிமாப். அந்த பி செல்களைக் குறிவைத்து அழிக்கிற ஊசி. 1997-ல் லிம்போமாவுக்கென்றே வந்த மருந்து, 2006-ல் முடக்குவாதத்துக்கும் அனுமதி கிடைத்தது. ஒரே ஊசி இரண்டு நோய்க்கும் வேலை செய்கிறது என்றால், இரண்டு நோயும் ஒரே செல்லில் வந்து சந்திக்கின்றன என்றுதானே அர்த்தம்? இதை நான் கேட்டதும் டாக்டரம்மா சிரித்துவிட்டு, ஆமாம் என்றார்.

கடைசியில் எனக்கு முடிவானது ஊசியும் இல்லை. மெத்தோட்ரெக்சேட்டோடு சல்ஃபாசலசினும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சேர்த்து மூன்று மருந்தாகத் தொடங்கினார். சல்ஃபாசலசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னது நல்லதாயிற்று. ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்குக் கண் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். இது போதவில்லை என்றால் டிஎன்எஃப் ஊசிகளில் ஒன்றான அடலிமுமாப், அதற்கு முன் காசநோய், மஞ்சள் காமாலை வைரஸ் இரண்டுக்கும் பரிசோதனை என்று அடுத்த படியையும் அன்றே எழுதிவிட்டார். ஒவ்வொரு தடவையும் 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து ஒரு மதிப்பெண் போடுகிறார். 5.1-க்கு மேல் இருந்தால் நோய் கடுமை, 2.6-க்குக் கீழே வந்தால் அடங்கிவிட்டது. நான் போனபோது 5-ஐத் தாண்டியிருந்தது. இப்போது 3-க்குக் கீழே இறங்கியிருக்கிறது. இந்த எண்ணை இறக்கி வைத்தால் மூட்டு மட்டும் தப்பிப்பதில்லை, அந்த இரண்டு மடங்கும் இறங்கும் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள்.

மூட்டைப் பார்த்து முடித்ததும் அவர் செய்கிற ஒரு காரியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எழுந்து நம் முதுகுப் பக்கம் வந்து நிற்கிறார். இரண்டு கை விரல்களாலும் தாடைக்கு அடியில் தொடங்கி, காதுக்கு முன்னால், காதுக்குப் பின்னால், பிடரி, அங்கிருந்து கழுத்தின் பக்கவாட்டில் மெதுவாக உருட்டிக்கொண்டே காறை எலும்புக்கு மேலே இருக்கும் பள்ளம் வரை வருகிறார். பிறகு முன்னால் வந்து, நம் கையைத் தன் கை மேல் தளர்வாகப் போடச் சொல்லி அக்குளில் பார்க்கிறார். படுக்க வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்று அழுத்துகிறார். வாய் வறள்கிறதா, கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறதா என்று கேட்கிறார். அப்படி வறட்சியும் இருந்து, காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியே இருந்தால் லிம்போமா வாய்ப்பு இன்னும் கூடுமாம். எல்லாம் சேர்த்துச் சில நிமிடம்தான். மெஷின் வேண்டாம், காசும் இல்லை. ஆனால் முடக்குவாதத்துக்கு மருந்து எழுதுகிற எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்று உங்கள் அனுபவத்தை நினைத்துப் பாருங்கள்.

அப்படி ஒரு நாள் பார்க்கும்போது என் வலது தாடைக்குக் கீழே அவர் விரல் நின்றது. நெறி கட்டியிருக்கிறது என்றார். எனக்குத் தொண்டை வறண்டு போயிற்று. அவர் அவசரப்படவில்லை. தொட்டால் வலிக்கிறதா என்றார், வலித்தது. விரலுக்கு நகர்ந்து கொடுத்தது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். பின்கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி ஈறு வீங்கியிருந்தது. பல் டாக்டரிடம் போய்ப் பாருங்கள், சில வாரம் கழித்து வாருங்கள், அப்போதும் இருந்தால் ஸ்கேன் எடுப்போம் என்றார். பல்லைச் சரி செய்ததும் நெறி இறங்கிவிட்டது. வலிக்காமல், கல் மாதிரி இல்லாமல் ரப்பர் போல உருண்டு, வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகிற நெறிதான் அதிகம் கவனிக்க வேண்டியது என்று விளக்கினார். கூடவே காய்ச்சல், ராத்திரியில் துணி நனைகிற அளவுக்கு வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காரணமில்லாமல் குறைவது, இவையெல்லாம் சேர்ந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாது.

இங்கே நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கழுத்தில் நெறி, ராத்திரி வியர்வை, எடை குறைவு என்றால் நம் பக்கத்தில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கிற மருந்து சாப்பிடுகிறவர்களுக்குக் காசநோய் வருகிற வாய்ப்பும் அதிகம்தான், லிம்போமாவைவிட அதைத்தான் இங்கே டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். ஆனால் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் என்பதால் ஊகத்தில் மருந்து தொடங்கக் கூடாது, திசு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அதிலும் லிம்போமா சந்தேகம் இருந்தால் ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பது பல நேரம் போதாது. முடிந்தால் நெறி முழுவதையும் எடுத்து அனுப்பினால்தான் எந்த வகை என்று சொல்ல முடியும். எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு வேறொரு இடத்தில் இப்படித் திசு எடுக்காமலே காசநோய் மாத்திரை கொடுத்து, கட்டி வளர்ந்துகொண்டே போய், பிறகுதான் வேறு நோய் என்று தெரிந்தது. அந்த மாதங்கள் திரும்பி வரப் போவதில்லை. எனவே நெறி விஷயத்தில், பார்த்தாலே தெரிகிறது, காசநோய்தான் என்று யாராவது சொன்னால், திசு எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

ரத்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒரு தெளிவு கிடைத்தது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கிற ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல், கிரியாட்டினின் எல்லாம் மருந்து உடம்பைப் பாதிக்கிறதா என்று பார்க்கத்தான். அது சரியாக இருப்பதால் லிம்போமா இல்லை என்று ஆகாது. ரிப்போர்ட் நார்மல் என்று நெறியை விட்டுவிடக் கூடாது.

கீழே இருக்கிற மெடிக்கல் ஷாப்பையும் சேர்த்தே பாராட்ட வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் சாப்பிட்டு உயிரே போனவர்கள் உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் என்பது எல்லா மாத்திரையையும் தினம் சாப்பிட்டுப் பழகிய நமக்கு மறந்துபோகிற விஷயம். கடையில் இருக்கிற தம்பி, அட்டையைத் தனிக் கவரில் போட்டு, சிவப்பு மையில் "செவ்வாய் மட்டும்" என்று தமிழிலும், அதையே தெலுங்கிலும் எழுதி ஸ்டேப்ளர் அடிக்கிறார். 2.5 மில்லிகிராமா 7.5-ஆ என்று சீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் தருகிறார். ஃபோலிக் ஆசிட் வேறு கவர், வேறு நாள். ஒரு தடவை எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பத்து நாளிலேயே மறுபடி அந்த அட்டையைக் கேட்டார். தம்பி கொடுக்கவில்லை. "தாத்தா, போன அட்டை எங்கே?" என்று விசாரித்து, அவரை மேலே டாக்டரம்மாவிடம் கையோடு கூட்டிப் போனார். இப்படி ஒரு கடை இருந்தால் நமக்குப் பாதிப் பாதுகாப்பு.

கேன்சர் மருந்தைத் தருகிறார்களே என்று இன்னும் கவலைப்படுகிறவர்களுக்கு: புற்றுநோய்க்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் சில நேரம் கிராம் கணக்கில் இருக்கும். நமக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். இந்த மருந்து பிறந்த ஆராய்ச்சிக் குழுவை அமெரிக்காவில் நடத்தியவர் யெல்லாப்ரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஆந்திராவில் வாழ்கிற தமிழச்சியான எனக்கு இதைக் கேட்டபோது ஏற்பட்ட பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை மாத்திரையைக் கையில் எடுக்கும்போது அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன்.

இனி குறைகள். முதலாவது மாடிப்படி. முழங்கால் வீங்கியவர்கள் வருகிற இடத்தை மாடியில் வைத்தது தவறு. கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் கடைசிச் சில படிகளில் இல்லை. ரொம்ப முடியாதவர்களை டாக்டரம்மாவே இறங்கி வந்து கடைக்குள் உட்கார வைத்துப் பார்க்கிறார், ஆனால் எல்லோரும் அப்படிக் கேட்பார்களா? கீழே ஓர் அறை எடுக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் நேரம் கொடுத்துப் பேசுகிறார் என்பதால் டோக்கன் நகர்வதில்லை. காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் உட்காரப் போதிய நாற்காலி இல்லாததைக் குறை என்றே சொல்வேன். மூன்றாவது, மருந்துகளின் ஆபத்து பற்றிக் கையெழுத்து வாங்குகிற தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. இவ்வளவு அழகாக வாயால் விளக்குகிறவர்கள் அதைத் தமிழிலும் தெலுங்கிலும் அச்சடித்தால் என்ன? சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஆந்திர அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை (முன்பு ஆரோக்கியஸ்ரீ என்று இருந்தது) இங்கே செல்லாது, அதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஃபீஸ் அதிகம் என்று சொல்ல முடியாது. சந்தேகம் கேட்க ஒரு மாதத்துக்குள் திரும்பிப் போனால் வாங்குவதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சந்தையில் பெயர் ஒட்டாத டப்பாவில் மூட்டுவலிப் பொடி விற்கிறார்கள். அதைச் சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிடுகிறது என்பார்கள். அப்படிப் பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்று டாக்டரம்மா சொன்னார். வலி மறையும், மூட்டு உள்ளே அரித்துக்கொண்டே போகும், சர்க்கரை ஏறும், எலும்பு கரையும். திடீரென்று நிறுத்தினால் அதுவே ஆபத்து. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் அந்த டப்பாவையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

நகரியிலிருந்து போகிறவர்களுக்குப் பஸ் அடிக்கடி இருக்கிறது, ரயிலும் உண்டு. போன் எடுக்க மாட்டார்கள் என்பதால் டாக்டரம்மா வருகிற நாளை மெடிக்கல் ஷாப்பில் நேரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிருத்திகை நாளில், அதிலும் ஆடிக் கிருத்திகை சமயத்தில் போகவே வேண்டாம். முருகன் கோயில் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது, வீங்கிய கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர முடியாது. பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள், எக்ஸ்ரே, இதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகள், எடை குறைந்திருந்தால் எப்போதிலிருந்து என்ற கணக்கு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கழுத்துப் பட்டன் போட்ட ஜாக்கெட், இறுக்கமான சுடிதார் வேண்டாம். கழுத்தும் அக்குளும் பார்க்க வசதியாகத் தளர்வாக உடுத்திக்கொண்டு போங்கள்.